நாத்தனார் விழுங்காத மாத்திரை

கிளட்ச் அக்காவிடம் வம்பு செய்துவிட்டு ஒருவர் தப்பித்தார் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொன்னதில்லை. அவள் சத்தம் போடுகிறவள் அல்ல. சண்டைக்கும் போகமாட்டாள். சொல்வதை முழுக்கக் கேட்டுக்கொண்டு, "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் "சரி"தான் எச்சரிக்கை.

அவள் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்ததே ஒரு வஞ்சத்தில்தான். முப்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். சொல்லிக்கொடுத்தவர் மற்றவர்கள் முன்னால், "கிளட்ச் எது பிரேக் எதுன்னு நீ தெரிஞ்சுக்கறதுக்குள்ள உனக்குப் பேரன் பிறந்துருவாம்மா" என்று சொல்லிச் சிரித்தார். "சரி சார்" என்றாள். லைசென்ஸ் வாங்கினாள். சொல்லிக்கொடுப்பதற்கான சான்றிதழும் வாங்கினாள். பழைய கார் ஒன்றில் இரட்டை பெடல் மாட்டி, அவர் பள்ளிக்கு நேர் எதிரே மாடியில் ஓர் அறை பிடித்தாள். முதலில் பெண்கள் வந்தார்கள், அப்புறம் அவர்களுடைய கணவன்மார்கள் வந்தார்கள். நாலு வருஷத்தில் எதிர்க் கடையின் ஷட்டர் இறங்கியது. பாடம் எடுக்கும்போது "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவள் கத்துவது தெருமுனை வரை கேட்கும். பேர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது.

கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தில் எல்லாம் பிழை கண்டுபிடிப்பார், மனைவி பேசுவதில் மட்டும் கண்டுபிடிக்கமாட்டார். அவருக்கு ஒரே தங்கை. அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அந்தத் தங்கையைப் பள்ளிக்கு அனுப்பியது, வேலையில் சேர்த்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அவர்தான். தங்கை தும்மினால் இவருக்குச் சளி பிடிக்கும். அக்காவுக்கும் நாத்தனாருக்கும் நடுவில் அதனாலேயே பெரிய உரசல் எதுவும் வந்ததில்லை. வந்தால் அந்த மனிதர் தாங்கமாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்காவுக்கு ஐம்பத்தோரு வயதில் மாதவிலக்கு நின்றது. விட்டது தொல்லை என்று இருந்தாள். ஆனால் அடுத்த தொல்லை தொடங்கியது. காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு வெக்கை கிளம்பிக் கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ராத்திரி தூக்கம் கிடையாது. முழங்கால் வலி வேறு. நாள் முழுக்க இன்னொருவர் தப்புக்குப் பிரேக் மிதிக்கிற வேலையில் முழங்கால் போனால் என்ன செய்வது?

இப்படியே ஐந்து வருஷம் தள்ளிய பிறகு நாத்தனார் ஒரு டப்பாவோடு வந்தாள். பச்சை மூடி, மேலே ஓர் இலைப் படம், உள்ளே பழுப்பு நிறத்தில் கேப்ஸ்யூல்.

"முழுக்க மூலிகை அண்ணி. கெடுதலே கிடையாது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நானே ஒரு வருஷமா போடறேன். என் முகத்தைப் பாருங்க."

அவள் முகம் பளபளப்பாகத்தான் இருந்தது. அது பிறந்ததிலிருந்தே பளபளப்பான முகம் என்பது அக்காவுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

டப்பா கடையில் கிடைக்காது. வீடு வீடாகப் பெண்கள் விற்பார்கள், வாங்குகிறவர்களை விற்கிறவர்களாக ஆக்குவார்கள், ஆள் சேரச் சேர ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். நாத்தனார் அப்போது வெள்ளிப் படியில் இருந்தாள்.

மாத்திரை வேலை செய்தது. அதைச் சொல்லியாக வேண்டும். ஒரே மாதத்தில் வெக்கை அடங்கியது, தூக்கம் வந்தது, உடம்பு லேசாக இருந்தது. டிரைவிங் ஸ்கூலுக்குக் கீழே இஸ்திரி கடை வைத்திருந்த அம்மாள், "என்ன டீச்சர், கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டு வர்றீங்க, என்ன ரகசியம்?" என்று கேட்டாள். அக்காவைவிட இரண்டு வயது பெரியவள், நாள் முழுக்கச் சூட்டில் நிற்கிறவள். அக்காவே நாத்தனாரின் போன் நம்பரைக் கொடுத்தாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது.

ஒரு காலையில் புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த ஒரு வாலிபனை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் பார்க்கத் திரும்பியபோது, அக்காவுக்குக் கீழே ஈரமாக ஏதோ இறங்கியது போல இருந்தது. பாடம் முடிந்து அவன் இறங்கிய பிறகு பார்த்தாள். வெளிர் நிற சீட் உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். ஏழு வருஷமாகப் பார்க்காதது. ஒரு நிமிஷம் அவளுக்கு அது தன்னுடையது என்றே தோன்றவில்லை. உறையைக் கழற்றிச் சுருட்டிப் பின் பக்கம் போட்டுவிட்டு, முதலில் நாத்தனாருக்குத்தான் போன் செய்தாள்.

மறுமுனையில் சந்தோஷக் கூச்சல்.

"அய்யோ அண்ணி! வந்துருச்சா? இது நல்லது அண்ணி! உள்ள இருக்கற பழைய அழுக்கெல்லாம் கழிஞ்சு கர்ப்பப்பை புதுசாகுது. இளமை திரும்புது. ரெண்டா போடறதை மூணா போடுங்க."

"டாக்டர்கிட்ட காட்ட வேண்டாமா?"

"அவங்ககிட்ட போனா மொதல்ல இதை நிறுத்தச் சொல்வாங்க. அவங்க பொழப்பு அது."

அக்கா மூன்றாகப் போட்டாள். ரத்தம் நாலு நாள் இருந்து நின்றது. பிறகு மூன்று வாரம் கழித்து வந்தது, பத்து நாள் கழித்து வந்தது, கணக்கில்லாமல் வந்தது. சில நாள் வெறும் கறை, சில நாள் கட்டி கட்டியாக. எப்போதோ தூக்கிப் போட்ட நாப்கினை மறுபடி வாங்கினாள். கார் சீட்டில் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டுக்கொண்டாள்.

ஆனால் அவளை முதலில் சுட்டது ரத்தமில்லை. காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே அந்த அண்ணி? ஐம்பத்தெட்டு வயசுல திரும்ப வந்துருச்சாமே! குடுத்து வச்சவங்க" என்றாள். கடைக்காரன் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அதற்கடுத்த வாரம் பாடத்துக்கு வந்த பையனின் அம்மா கேட்டாள். பிறகு வங்கி வரிசையில் ஒருத்தி. நாத்தனார் ஒவ்வொரு கூட்டத்திலும் அண்ணியின் உள்ளாடையைக் கொடியாக ஏற்றிக்கொண்டிருந்தாள். விற்பனை எகிறியது. தங்கப் படிக்குப் போய்விட்டாள்.

அக்கா கேட்டபோது நாத்தனார் குழைந்தாள். "வீட்டுப் பெருமையைத்தானே அண்ணி சொன்னேன். அண்ணன்கூட ஒண்ணும் சொல்லலையே." அண்ணனுக்கு விஷயமே தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் காதை மூடிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போயிருப்பார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள். அந்த மாத்திரை தனக்கு நல்லது செய்தது என்ற நம்பிக்கை அப்போதும் மிச்சமிருந்தது.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒரு நர்ஸ் இருந்தாள். நாற்பத்தைந்து வயது, குள்ளம், மிரர் பார்க்க மறந்துவிடுவாள். அன்றைக்கு அவளுக்குக் குறுகலான இடத்தில் வண்டி நிறுத்தும் பாடம். பாதியில் அக்காவுக்குக் கண் இருட்டியது. கை கதவைத் தேடியது. நர்ஸ் தானே பிரேக் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அக்காவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், மடித்துப் போட்ட துண்டையும் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா?"

"ஏழெட்டு மாசமா வருது. மாதவிலக்குதான். எனக்குத் திரும்ப வந்துருச்சு."

"எப்ப நின்னுச்சு?"

"அது ஆச்சு, ஏழு வருஷம்."

நர்ஸ் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினாள். "டீச்சர், ஒரு வருஷம் முழுசா நின்னுட்டா நின்னதுதான். அப்புறம் வர்றது மாதவிலக்கு இல்ல, ரத்தப்போக்கு. ஒரு சொட்டு பட்டாலும் காட்டணும். நீங்க மாசக்கணக்கா துண்டு போட்டு உக்காந்திருக்கீங்க."

"எங்க போற? இன்னிக்கு பார்க்கிங் பாடம்."

"எங்க ஆஸ்பத்திரி பார்க்கிங்ல போட்டுக் காட்டறேன்."

உண்மையிலேயே ஒரே முயற்சியில் போட்டாள்.

டாக்டர் ஒரு பெண்மணி. நரைத்த முடி, அவசரமில்லாத பேச்சு. பரிசோதித்துவிட்டு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கர்ப்பப்பையின் உள் சவ்வு இந்த வயதில் மெல்லிசாக இருக்க வேண்டும், அக்காவுக்குக் கம்பளி மாதிரி தடித்திருந்தது.

"பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க" என்றார் டாக்டர். "இந்த வயசுல ரத்தம் படறதுக்குப் பல காரணம் இருக்கு. நிறைய பேருக்கு வெறும் வறட்சிதான். சவ்வு காஞ்சு மெலிஞ்சு போய், லேசா உரசினாலே ரத்தம் வரும், அதுக்குக் களிம்பு போதும். சிலருக்கு உள்ள சின்னதா சதை வளர்ந்திருக்கும், கிள்ளி எடுத்துடலாம். சிலருக்கு உங்களை மாதிரி உள் சவ்வு தடிச்சிருக்கும். ரத்தம் உறையாம இருக்கறதுக்குச் சாப்பிடற மாத்திரைகூடக் காரணமா இருக்கலாம். பத்துல ஒருத்தருக்குப் புற்றுநோயா இருக்கும். அந்த ஒருத்தர் யாருன்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனாலதான் எல்லாரையும் பார்க்கறோம். ஆரம்பத்துல வந்தா அதையும் சரி பண்ணிடலாம். நீங்க ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

அக்கா கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

டாக்டர் இலைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. "வெக்கை ஒரே மாசத்துல நின்னுச்சா?"

"ஆமா."

"எந்த இலையும் அவ்வளவு வேகமா வேலை செய்யாதும்மா. இதுல பெண் ஹார்மோன் இருக்கும்னு நினைக்கறேன். அந்த ஹார்மோன் தப்பான மருந்து இல்ல, நாங்களே கொடுப்போம். ஆனா கர்ப்பப்பை இருக்கறவங்களுக்கு அதைத் தனியா கொடுக்கமாட்டோம். அது சவ்வை வளர்த்துக்கிட்டே போகும். அதைக் கட்டுப்படுத்த இன்னொண்ணு சேர்த்துக் கொடுக்கணும். உங்களுக்கு ரெண்டு வருஷமா வெறும் உரம் மட்டும் போட்டிருக்காங்க." டப்பாவிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டார். "மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பறேன். இதை வேற யாராவது சாப்பிட்டா உடனே நிறுத்தச் சொல்லுங்க. ரத்தம் பட்டவங்க இங்க வரட்டும்."

"சொல்றேன் டாக்டர்" என்றாள் அக்கா.

மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். அடிவயிற்றைப் பிடுங்கி எடுத்தது போல ஒரு வலி, எண்ணி முடிப்பதற்குள் போய்விட்டது. முடிவு வந்தபோது டாக்டர் நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார். புற்றுநோய் இல்லை. ஆனால் அணுக்கள் மாறத் தொடங்கியிருந்தன. விட்டுவைத்தால் நாலைந்து வருஷத்தில் புற்றுநோயாகலாம், இப்போதே பக்கத்தில் ஒளிந்திருந்தாலும் இருக்கலாம். கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது.

எடுத்துவிட்டார்கள். உள்ளே வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

அறுவை முடிந்த இரண்டாம் நாள் நாத்தனாரும் அவள் கணவரும் பார்க்க வந்தார்கள். அந்த மனிதர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவர், பொய் சொல்ல வராதவர். வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னால் "இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்று சொல்கிற ரகம். நாத்தனார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அக்காவின் கையைத் தடவினாள்.

"அண்ணி, ஆபரேஷன் விஷயம் நமக்குள்ள இருக்கட்டும். அடுத்த மாசம் பெரிய கூட்டம். என்னை வைரப் படியில ஏத்தப் போறாங்க. இப்ப போய் யாராவது தப்பா நினைச்சுட்டா..."

போன் அடித்தது. யாரோ வாடிக்கைக்காரி. நாத்தனார் வராந்தாவுக்குப் போனாள். அவள் கணவர் தலையணையைச் சரி செய்தபடி, ஆறுதலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்.

"கவலைப்படாதம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இவளுக்கும் இப்படி ஏதாவது ஆயிருக்கும். நல்லவேளை, அவ அதைத் தொடறதே இல்ல."

அக்கா கழுத்தை மட்டும் திருப்பினாள். "எதைண்ணே?"

"அந்த மாத்திரையைத்தான். மூணு வருஷம் முன்னாடி மார்புல ஒரு கட்டி எடுத்தோமே, அந்த டாக்டர்கிட்ட டப்பாவைக் காட்டினா. இதுல ஹார்மோன் இருக்கும் போல, பக்கத்துலகூடப் போகாதேன்னு அவர் சத்தம் போட்டார். அன்னியிலேர்ந்து ஒண்ணுகூட வாயில போடல."

மூன்று வருஷம் முன்னால். அதாவது அக்கா வீட்டுக்கு அந்த டப்பா வருவதற்கும் முன்னால்.

நாத்தனார் திரும்பி வந்து, "என்ன அண்ணி, வெளியில சொல்லமாட்டீங்கல்ல?" என்றாள்.

"சரி" என்றாள் அக்கா.

அதன் பிறகு வீட்டில் படுத்திருந்த நாள்களில் வேறு நினைப்பே அவளுக்கு இல்லை. தையல் போட்ட இடம் சுரீரென்று இழுக்கும்போதெல்லாம் நாத்தனாரின் பளபளப்பான முகம்தான் கண்ணில் வந்தது. நானே போடறேன் அண்ணி. என் முகத்தைப் பாருங்க. தெரியாமல் செய்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பாள். தெரிந்தே தன் வாயைப் பூட்டிக்கொண்டு இவள் வாயைத் திறந்து ஊட்டியிருக்கிறாள். ஊட்டிவிட்டு அதில் வந்த ரத்தத்தையும் ஊர் ஊராகக் காட்டி விற்றிருக்கிறாள். கணவரிடம் சொல்லலாம் என்று ஒரு முறை தோன்றியது. அவர் தங்கையின் பக்கம் ஓடி முன்கூட்டியே குடை பிடித்துவிடுவார். கீழே இஸ்திரி கடை அம்மாளிடம் சொல்லலாம் என்றும் தோன்றியது. சொன்னால் அன்று மாலைக்குள் நாத்தனார் காதுக்குப் போய்விடும். "அண்ணிக்கு முன்னாடியே உடம்புல கோளாறு இருந்துச்சு" என்று ஒரே வரியில் கழுவிவிடுவாள். வேண்டாம். ஒரு மாதம்தானே? அவள் எந்த மேடையில் ஏறுகிறாளோ அந்த மேடையிலேயே வைத்து இறக்க வேண்டும்.

அவளே போன் செய்து, "கூட்டத்துக்கு நான் வந்து பேசறேன்" என்றாள். நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணின்னா அண்ணிதான்."

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இருநூறு பெண்களுக்கு மேல் இருப்பார்கள். மேடையில் பச்சை மூடி டப்பாக்களைக் கோபுரம் போல அடுக்கியிருந்தார்கள். முன் வரிசையில் அக்காவின் கணவர், தங்கைக்குப் பட்டம் கொடுப்பதைப் பார்க்கச் சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நாத்தனாரின் கணவர் கதவருகில் தண்ணீர்க் கேனுக்குக் காவல். நர்ஸும் வந்திருந்தாள், அக்கா கூப்பிட்டதால்.

நாத்தனார் மைக்கைப் பிடித்தாள். "ஐம்பத்தெட்டு வயசுல இளமை திரும்பினவங்க, என் சொந்த அண்ணி!" கைதட்டல் ஓய நேரமாயிற்று. அக்கா மெதுவாகப் படியேறினாள். குனிய இன்னும் சிரமமாக இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையில பேசி வழக்கமில்ல. வண்டிக்குள்ளதான் பேசுவேன்." சிரிப்பு எழுந்தது. "இந்த மாத்திரையை எனக்குக் கொடுத்தது என் நாத்தனார். தானும் தினம் போடறதா சொன்னா. அதை நம்பித்தான் நான் போட்டேன். நீங்களும் அப்படித்தானே?"

"ஆமா" என்று பல குரல்கள்.

அக்கா கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள். இரண்டு கேப்ஸ்யூலை உள்ளங்கையில் கொட்டி நாத்தனார் பக்கம் நீட்டினாள். "பட்டம் வாங்கறதுக்கு முன்னாடி எல்லார் முன்னாடியும் இதைப் போட்டுக்காட்டு. எனக்கு ஓர் ஆசை."

கூட்டம் இதை ஒரு விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டது. கைதட்டினார்கள். நாத்தனார் சிரித்தாள். "காலையிலதான் போட்டேன் அண்ணி."

"அதனால என்ன? கெடுதலே கிடையாதே. என்னை மூணு போடச் சொன்னியே."

"வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கறேன்."

"இங்கயே தண்ணி இருக்கு." அக்கா மேஜையிலிருந்த பாட்டிலைத் திறந்து மற்றொரு கையில் வைத்துக்கொண்டாள். "இருநூறு பேர் ஆசையா பார்க்கறாங்க பாரு."

நாத்தனாரின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. கைதட்டல் மெல்ல மெல்லக் குறைந்தது. வேறு வழியில்லாமல் அவள் ஒரு கேப்ஸ்யூலை எடுத்தாள். அதை உதட்டருகே கொண்டுபோனபோது கதவருகிலிருந்து அவள் கணவர் ஓடிவந்தார்.

"போடாத! போடாத! உனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல! அதுல ஹார்மோன் இருக்குன்னாரே, மறந்துட்டியா?"

அந்த அன்பான மனிதருக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்பது மேடை அருகே வந்து மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அக்கா மைக்கை வாயருகே வைத்து மீதியைச் சொன்னாள். குரல் உயரவே இல்லை. ஸ்கேனில் தெரிந்தது, அறுவையில் எடுத்தது, டாக்டர் சொன்னது. "எனக்கு இளமை திரும்பல. கர்ப்பப்பை கெடத் தொடங்கியிருந்துச்சு. இவளுக்கு மூணு வருஷமா தெரியும். தெரிஞ்சு அவ தொடல, நமக்குக் கொடுத்தா. உங்கள்ல யாருக்காவது ரத்தம் பட்டிருந்தா, வெட்கப்படாம அந்த ஓரத்துல நிக்கற நர்ஸ்கிட்ட வாங்க."

பின் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். இன்னொருத்தி. முன்வரிசையில் பட்டுப் புடவை உடுத்திய ஓர் அம்மாள், தானே இருபது பேருக்கு விற்றவள், டப்பாவை மேடை மேல் வீசினாள். கோபுரம் சரிந்து கேப்ஸ்யூல்கள் மேடை முழுக்க உருண்டன. நாத்தனார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார். அக்கா அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். அன்று மாலை நர்ஸிடம் சொன்னாளாம்: "ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் எனக்கு நல்லாப் பசிக்குது."

ஆய்வக முடிவும் சீக்கிரமே வந்தது. ஹார்மோன்தான். அதிகாரிகள் வந்து கிடங்குக்குச் சீல் வைத்தார்கள், வழக்கு போட்டார்கள். படிகளில் இருந்தவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். அக்கா சாட்சி சொல்லப் போனாள், ஒரு தவணையைக்கூட விடவில்லை. நாத்தனார் ஒரு நாள் கதவைத் தட்டினாள். பளபளப்பு போயிருந்தது.

"எனக்கு மட்டும்தான் ஆகாதுன்னு டாக்டர் சொன்னார் அண்ணி. மத்தவங்களுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சுட்டேன். சத்தியமா."

"அப்ப எதுக்கு நானும் தினம் போடறேன்னு சொன்ன?"

அக்கா கதவைச் சாத்தினாள். உள்ளே கணவர் செய்தித்தாளைப் பிடித்தபடி இருந்தார், பக்கம் புரளவில்லை. அன்றிரவு சாப்பிடும்போது, "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருந்தா அவளைக் காப்பாத்தியிருப்பீங்க."

"ஆமா" என்றார் அவர். "காப்பாத்தியிருப்பேன்." அதற்கு மேல் பல மாதங்கள் அவர்கள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

ரத்தம் பட்டவர்களை அக்கா தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனாள். காலைப் பாடங்களைத் தள்ளி வைத்தாள். பெரும்பாலானவர்களுக்கு ஆபத்து இல்லை. சிலருக்கு வறட்சி. மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் ஒருத்திக்கு உள்ளே சதை வளர்ந்திருந்தது. மூன்று பேருக்குச் சவ்வு தடித்திருந்து மருந்திலேயே இறங்கிவிட்டது. ஒருத்திக்குப் புற்றுநோய். அது கீழ்க்கடை இஸ்திரி அம்மாள்.

ஆரம்ப நிலைதான், எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில் அந்த அம்மாள் கார் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்.

"உங்களுக்கு இந்த மாத்திரை விஷயம் எப்ப தெரியும் டீச்சர்?"

அக்காவால் பொய் சொல்லியிருக்க முடியும். "கூட்டத்துக்கு ரொம்ப முன்னாடியே. ஆபரேஷனுக்கும் முன்னாடி."

"தினம் என் கடையைத் தாண்டித்தானே போனீங்க? வீட்டுல படுத்திருந்தப்ப நான் வந்து பார்த்தேனே. பழம் வாங்கிட்டு வந்தேன். எனக்கும் ரெண்டு வாரமா படுதுன்னு சந்தோஷமா சொன்னேன். நீங்க கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"அவ தப்பிச்சுரக் கூடாதுன்னு..."

"அவ தப்பிக்கல. சரி. நானு?"

சிக்னலில் பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். அக்கா வண்டியை நகர்த்தினாள். இஸ்திரி அம்மாள் தன் தெருவுக்கு ரொம்ப தூரம் முன்னாலேயே இறங்கி நடந்து போனாள்.

அறுவை நல்லபடி முடிந்தது. அந்த அம்மாள் தேறிக் கடையைத் திறந்தாள். அக்கா துணி அனுப்பினாள். கட்டின மூட்டை பிரிக்காமலே திரும்பி வந்தது. அவளே நேரில் போனபோது அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்க வீட்டுத் துணி எடுக்கறதில்ல" என்றாள். கடைக்கு வருகிறவர்கள் மாடிப் பள்ளியைப் பற்றி விசாரித்தால், மூன்று தெரு தள்ளி வேறு ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது என்று வழி சொல்லி அனுப்பினாள். ஆள் குறைவது அக்காவுக்கே தெரிந்தது.

அவள் கணவர்தான் மௌனத்தைக் கலைத்தார். "போய்ப் பேசிப் பாரேன். மன்னிச்சுருவா."

"மன்னிக்கமாட்டா. நான் அவ முகத்தைக் கிட்டத்துல இருந்து பார்த்தேன், எனக்குத் தெரியும்."

"அப்ப என்ன பண்ணப்போற?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். அவ பக்கம் நியாயம் இருக்கு."

வீட்டுக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்கினாள். அவளுக்கு அது கைவரவில்லை. நாத்தனார் வழக்கில் தீர்ப்பு வருகிற அன்று கணவர் போட்டுக்கொண்டு போன சட்டையின் காலரில் பழுப்பாக ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு காரில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.